நாலேகால் யூரோ பாட்டில்

தெற்குப் பிரான்சில் இருக்கும் துலூஸ் நகரத்துக்கு வந்த புதிதில் ஒயின் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். கடையில் கீழ்த்தட்டில் இருப்பது மலிவு, குனிந்தால் கிடைக்கும். மாதக் கடைசியில் நான் குனிந்து எடுத்த பாட்டில்களில் பாதிக்கு மேல் ஒரே பெயர்தான் இருந்தது: கோர்பியேர். நாலேகால் யூரோ. லேபிளில் மலை உச்சியில் இடிந்து நிற்கும் கோட்டை ஒன்றின் கோட்டோவியம்.

கூட வேலை பார்த்தவர் ஒருவர், ஒயினுக்குப் பேர்போன போர்தோ பக்கத்துக்காரர், ஒருநாள் சாப்பிட வந்தார். மேஜையில் இருந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சமையலுக்குத்தானே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற அன்று மட்டன் குழம்பில் அரை கிளாஸ் ஊற்றவும் செய்தேன். குழம்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டது. இந்த ஒயின் ஏன் இவ்வளவு மலிவு?

வரி குறைவு என்பது ஒரு காரணம். இங்கே சாதாரண ஒயினுக்கு மதுவரி ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய 3 சென்ட்தான். அதற்கு மேல் 20 சதவீதம் வாட். மது விலையில் பெரும்பங்கு அரசாங்கத்துக்குப் போவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இதுவே பெரிய அதிசயம். ஆனால் அதே 3 சென்ட்தான் நூறு யூரோவுக்கு விற்கும் போர்தோவுக்கும். ஆக, விஷயம் வரியில் இல்லை.

கோர்பியேர் என்பது முதலில் மலைப்பகுதியின் பெயர். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் கார்க்கசோனும் நார்போனும் வந்துவிடும். இரண்டுக்கும் தெற்கே மேடும் பள்ளமுமாகக் கிடப்பதுதான் அது. சுண்ணாம்புக் கல், முட்புதர், தைம், ரோஸ்மேரி. கெரிபுஸ், பெயர்பெர்த்தூஸ் என்று பாறை உச்சிகளில் பழைய கோட்டைகள். லேபிள்களில் படம் தேட யாரும் கஷ்டப்பட வேண்டியதில்லை. ரோமானியர்கள் கி.மு. 118இல் நார்போனை நிறுவினார்கள், கொடியும் அந்தக் காலத்திலிருந்தே இங்கே இருக்கிறது. அப்புறம் காற்று. வடமேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு சேர்ஸ் என்று பெயர். கார் கதவைத் திறந்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். உள்ளூர்க்காரர்கள் அதைத் திட்டுவார்கள், ஆனால் மனதாரத் திட்டமாட்டார்கள். இலையில் ஈரம் தங்கவிடாமல் உலர்த்தி, பூஞ்சை நோயைப் பாதி விரட்டிவிடுவது அதுதான்.

2019 செப்டம்பரில் அங்கே ஒருநாள் கூலி இல்லாத கூலியாளாகப் போனேன். என் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் அப்பாவுக்கு லக்ராஸ் ஊருக்கு அருகே கொஞ்சம் தோட்டம். "சனிக்கிழமை கை தேவைப்படுகிறது, மதியச் சாப்பாடு உண்டு" என்றார் அவர். சாப்பாடு உண்டு என்றால் நான் எங்கும் போவேன்.

காலை ஆறரை. இன்னும் சரியாக விடியவில்லை. பெரியவருக்கு அப்போதே எண்பதை நெருங்கும் வயது. நான் நீட்டிய கையை உலுக்கிவிட்டு, முதல் வேலையாக என் காலணியைப் பார்த்தார். "இதைப் போட்டுக்கொண்டு எங்கே, கல்யாணத்துக்கா?" பிறகு ஒரு வாளியும் சின்ன கத்தரியும் கொடுத்தார். கத்தரி விரல் நீளத்துக்குச் சற்று அதிகம், நுனி கூர்.

திராட்சைத் தோட்டம் என்றால் கம்பியில் படர்ந்து வரிசையாகப் போகும் பச்சைச் சுவர் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே கம்பியே இல்லை. கல்லும் சல்லியும் நிறைந்த சரிவில், முழங்கால் உயரத்துக்குக் கருத்த கட்டைகள். ஒவ்வொன்றும் என் தொடை கனம். உச்சியில் நாலைந்து முண்டுகள் கிண்ணம்போல விரிந்து, அவற்றிலிருந்து மட்டும் இந்த வருஷத்துத் தளிர்க்கிளைகள் மேல்நோக்கி நின்றன. குளிர்காலக் கவாத்தில் ஒவ்வொரு முண்டிலும் இரண்டே கணு விட்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடுவார்களாம். இப்படி எழுபது வருஷம் வெட்டியதில் கட்டை முழுவதும் தழும்பு. தரைக்குச் சற்று மேலே ஒரு புடைப்பைக் காட்டினார் பெரியவர். "இதற்குக் கீழே அமெரிக்கன். மேலேதான் நம்ம ஆள்."

ஒட்டுக்கட்டிய இடம் அது. ஒட்டு மாங்கன்று வாங்கி நட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு பிலோக்செரா என்ற கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சியும் வந்து சேர்ந்தது. வேரில் உட்கார்ந்து உறிஞ்சும் ஜாதி. தெற்குப் பிரான்சில் தோட்டம் தோட்டமாகக் கொடிகள் காய்ந்தன, ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் பூச்சி இருக்காது. அது அடுத்த உயிருள்ள வேருக்குப் போயிருக்கும். 1868இல் மோன்பெலியேயைச் சேர்ந்த தாவரவியலாளர் பிளான்ஷோனும் அவருடைய குழுவினரும் இன்னும் சாகாத கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அந்தப் பூச்சியோடு வாழ்ந்து பழகிய அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்று இந்தப் பகுதியில் நிற்கும் கொடிகளில் ஏறக்குறைய எல்லாமே அப்படி நிற்பவைதான்.

அந்தச் சரிவில் இருந்தது கரின்யான் என்ற ரகம். ஸ்பெயினின் அரகோன் பகுதியில் கரின்யேனா என்று ஓர் ஊர் உண்டு, பெயர் அங்கிருந்து வந்தது. நாலேகால் யூரோ கேள்விக்கான பதிலில் பாதி இந்த ரகத்தில் இருக்கிறது. கரின்யானுக்கு ஒரு பழக்கம்: விட்டால் காய்த்துக் கொட்டும். சமவெளியில் நல்ல வண்டல் மண்ணில் நட்டு, கவாத்தில் தாராளம் காட்டினால், ஒரு ஹெக்டேரில் 20,000 லிட்டர்கூட எடுக்கலாம். அப்படி எடுத்த ஒயினில் நிறம் இருக்கும், புளிப்பு இருக்கும், தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கும். வேறு ஒன்றும் இருக்காது. அதே கொடி வயதாகி, மலைச்சரிவில் கல்லுக்குள் வேர்விட்டு நின்றால், 2,000 லிட்டர் தந்தாலே பெரிது. அது முற்றிலும் வேறு ஒயின். இரண்டுக்கும் பெயர் ஒன்றே என்பதால், முதலாவதின் கெட்ட பெயர் இரண்டாவதின் தலையில் விழுந்தது.

அன்று வெட்டியதில் முதல் ஒரு மணி நேரம் அவமானம்தான். கரின்யான் குலையின் காம்பு குட்டை, கனம், மரம்போல உறுதி. குலையோ கிளைக்கும் கட்டைக்கும் நடுவே இடுக்கில் போய் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இடது கையால் குலையைத் தாங்கி, வலது கையைக் கண் மறைவில் உள்ளே விட்டு, காம்பைத் தேடி வெட்ட வேண்டும். நான் தேடிப் பிடித்தது என் சுட்டுவிரலை. ரத்தமும் சாறும் ஒரே நிறமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். பெரியவர் பேசாமல் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து நீட்டினார். புதிதாக வருகிறவர்களுக்காகவே வைத்திருப்பாராம்.

ஒரு பழத்தை வாயில் போட்டேன். இனிப்பு முதலில் வந்தது. கடித்த தோலிலிருந்து துவர்ப்பு மெதுவாக வந்து நாக்கின் இரு ஓரத்தையும் இறுக்கியது. நாவல்பழம்! பள்ளிக்கூட வாசலில் உப்புத் தூவி வாங்கித் தின்று, யார் நாக்கு அதிக ஊதா என்று நீட்டிக் காட்டுவோமே, அதே இறுக்கம். ஒயினைப் பற்றி இங்கே எழுதுபவர்கள் கருப்புச் செர்ரி, பிளம், இன்னும் நான் வாழ்நாளில் தின்றிராத என்னென்னவோ பழங்களை வரிசையாக அடுக்குவார்கள். பல வருஷம் அதையெல்லாம் படித்து எனக்குத்தான் நாக்கு சரியில்லையோ என்று நினைத்திருக்கிறேன். நம்மிடம் அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பு இருக்கிறது, நாவல் இருக்கிறது, நெல்லி இருக்கிறது, வெற்றிலைக்குப் பாக்கு இருக்கிறது. சிவப்பு ஒயினைச் சுவைக்க இதைவிட நல்ல பயிற்சி எந்த ஊரிலும் கிடைக்காது.

பழத்தைத் தனித்தனியாக உதிர்க்காமல் குலை குலையாகவே தொட்டியில் இறக்கினார்கள். தொட்டியில் கரியமில வாயுவை நிரப்பி மூடிவிட்டால், பழம் உடையாமலேயே உள்ளுக்குள் நொதிக்கத் தொடங்குமாம். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பிழிந்து வழக்கம்போல முடிப்பார்கள். இந்த முறையை 1934இல் தொடங்கி ஆராய்ந்து வளர்த்தவர் மிஷெல் ஃபிளான்ஸி. நார்போன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். கரின்யானின் முரட்டுத் துவர்ப்பு இதில் அடங்கி, பழவாசனை தூக்கலாக வரும். முரட்டுப் பிள்ளைக்கு ஏற்ற வாத்தியார்.

மதியச் சாப்பாடு புளியமர நிழலில் என்று எழுத ஆசைதான். அது பிளேன் மரம், தெற்குப் பிரான்சில் ஊருக்கு ஊர் சதுக்கத்தில் நிற்கும் மரம். வெள்ளை பீன்ஸும் சாசேஜும் போட்ட ஒரு குழம்பு, ரொட்டி, லேபிள் ஒட்டாத பாட்டில்கள். அங்கேதான் கேட்டேன், ஏன் இது இவ்வளவு மலிவு என்று. மேஜையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர் நிமிர்ந்து மரத்தைக் காட்டி, "அர்ழெலியே ஊரில் இதைப் போன்ற ஒரு மரத்தில் ஏறித்தான் அவன் பேசினான்" என்று ஆரம்பித்தார்.

அவன் என்றது மார்சலான் அல்பேர். 1907 கதை. அன்று மாலை வீட்டுக்கு வந்து தேடிப் படித்து, பிறகு பல வருஷமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

பிலோக்செராவுக்குப் பிறகு மறுபடி நட்டபோது, பலரும் மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கி, அள்ளித் தரும் ரகங்களை நட்டார்கள். ரயில் வந்துவிட்டது, வடக்கே சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்பவர்களுக்குத் தினமும் ஒயின் வேண்டும், தெற்கு முழுவதுமே ஒரு பெரிய குழாயாக மாறியது. பூச்சி ஒயினுக்குத் தட்டுப்பாடு உண்டாக்கிய காலத்தில் இன்னொரு பழக்கமும் தொற்றியிருந்தது. பிழிந்த சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் ஊற்றி மறுபடி நொதிக்கவிட்டு ஒயின் என்று விற்பது. உலர்திராட்சையை ஊறவைத்துச் செய்வது. 1903இல் சர்க்கரை மீதான வரியைக் குறைத்ததும் இந்த வியாபாரம் இன்னும் சுலபமானது. அல்ஜீரியாவிலிருந்து வேறு கப்பல் கப்பலாக ஒயின். விலை சரிந்தது. பீப்பாய் நிறைய ஒயினை வைத்துக்கொண்டு ரொட்டிக்கடையில் கடன் சொன்னார்கள்.

அல்பேர், அர்ழெலியேயில் காபிக்கடை வைத்திருந்தவர், சின்னத் தோட்டக்காரர். ஊரார் வைத்த பட்டப்பெயர் சில்வண்டு. 1907 மார்ச் 11ஆம் தேதி ஊரிலிருந்து 87 பேர் நார்போனுக்கு நடந்தே போய், அங்கே வந்திருந்த நாடாளுமன்றக் குழுவிடம் முறையிட்டார்கள். அவ்வளவுதான் தொடக்கம். அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொரு நகரத்தில் கூட்டம். நார்போன், பெஸியே, பெர்பின்யான், கார்க்கசோன், நீம். கூட்டம் வாராவாரம் பெருகியது. ஜூன் 9ஆம் தேதி மோன்பெலியேயில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். டிவியோ செல்போனோ இல்லாத காலம். ரயிலிலும் வண்டியிலும் நடந்தும் வந்தவர்கள்.

பாரிஸில் பிரதமர் கிளெமான்சோ ராணுவத்தை அனுப்பினார். ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் துப்பாக்கிச் சூடு. தெருவில் உயிர்கள் போயின. அந்தச் செய்தி அக்து என்ற ஊரில் இருந்த 17ஆம் காலாட்படைக்கு எட்டியது. படையில் இருந்த பையன்களில் பெரும்பாலோர் இதே ஊர்க்காரர்கள், திராட்சை விவசாயிகளின் பிள்ளைகள். ஏறக்குறைய 500 பேர் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தபடி ராத்திரியோடு ராத்திரியாக நடந்து பெஸியேவுக்கு வந்து, சதுக்கத்தில் மக்களோடு உட்கார்ந்துகொண்டார்கள். பின்னால் அவர்களைத் துனிசியாவில் கஃப்சாவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

பெரியவர் இந்த இடத்தில் குரலைத் தணித்தார். அல்பேர் தலைமறைவாகப் பாரிஸுக்குப் போய் கிளெமான்சோவைச் சந்தித்தார். பிரதமர் நல்லவிதமாகப் பேசி, ஊருக்குப் போய்ச் சமாதானம் செய்யச் சொல்லி, ரயில் டிக்கெட்டுக்கு என்று 100 பிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தார். அல்பேர் வாங்கிக்கொண்டார். பிறகு கிளெமான்சோ பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, தன் பாணியில் அந்தக் கதையைச் சொன்னார். அவ்வளவுதான். ஐந்து லட்சம் பேர் திரண்டுவந்த மனிதர் ஊருக்குத் திரும்பும்போது விலைபோனவர் ஆகியிருந்தார். "நூறு பிராங்க்" என்று பெரியவர் இரண்டு தடவை சொன்னார். அவருடைய தாத்தா 1907இல் நடந்துபோன கூட்டத்தில் இருந்தவராம்.

சட்டம் வந்தது. 1907 ஜூன் 29இல் கலப்படத்துக்கு எதிரான சட்டம். ஒவ்வொரு விவசாயியும் எவ்வளவு ஒயின் எடுத்தான் என்று அறிவிக்க வேண்டும் என்பதும், சர்க்கரை மீதான கட்டுப்பாடும் அதில் உண்டு. கலப்படம் ஒன்றுதான் காரணம் என்று விவசாயிகள் நம்பினார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. சமவெளியில் கொட்டிக் கொட்டி எடுத்த கைகளும் அவர்களுடையவைதான். குழாய் என்று பேர் வாங்கிவிட்டால் அப்புறம் யாரும் அதைக் குடம் என்று கூப்பிடமாட்டார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்களுக்கு தினப்படி அளந்து ஊற்றிய மலிவுச் சிவப்பு ஒயினில் பெரும்பங்கு தெற்கிலிருந்து போனது. 1962இல் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்து அங்கிருந்து வந்த ஒயின் குறைந்ததும், அந்த இடத்தை நிரப்பக் கரின்யானை இன்னும் நட்டார்கள். 1988இல்கூடப் பிரான்சில் ஏறக்குறைய 1,67,000 ஹெக்டேர் கரின்யான் நின்றது. நம் கணக்கில் நாலு லட்சம் ஏக்கருக்கு மேல், ஒரே ரகம்!

பிரெஞ்சுக்காரர்கள் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். 1960களில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 100 லிட்டருக்கு மேல் ஓடியது. இன்று அதில் பாதிகூட இல்லை. உடம்புக்கு நல்லதுதான், யாரும் குறைசொல்ல முடியாது. 1980களின் கடைசியில் கொடியைப் பிடுங்கினால் ஐரோப்பிய மானியம் என்ற திட்டம் வந்தது. யார் எதைப் பிடுங்குவான்? குறைவாகக் காய்க்கும், டிராக்டர் ஏறாத, மலைச்சரிவுக் கிழக்கொடியைத்தான். நல்லது முதலில் போயிற்று. 1985இல் கோர்பியேருக்குப் பெயர் உரிமை கிடைத்து, சிரா, கிரெனாஷ், மூர்வேத்ர் என்ற ரகங்கள் எல்லாம் சேர்ந்த கலவைக்கு விதிமுறைகள் வந்தன. அந்த விதிப்படி ஒரே ரகத்தில் கோர்பியேர் செய்ய முடியாது. இரண்டாவது சேர வேண்டும். ஆகவே, பெரியவரின் அந்தச் சரிவில் விளையும் தனிக் கரின்யான் பாட்டிலில், கோர்பியேர் மண்ணிலேயே விளைந்தாலும், கோர்பியேர் என்று போட முடியாது. ஒருபடி கீழான பெயரில்தான் விற்க வேண்டும். கோட்டைப் படம் போட்ட நாலேகால் யூரோ பாட்டிலில் கோர்பியேர் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அந்தத் தனிக் கரின்யானை அடுத்த வருஷம் முதல் தடவையாகக் குடித்தேன். கருஞ்சிவப்பு, கிளாஸைச் சாய்த்தால் ஓரம் ஊதா. நாவல் இருந்தது, நொறுக்கிய மிளகு இருந்தது, வெயிலில் காய்ந்த தைம் செடியை உள்ளங்கையில் கசக்கியது போன்ற வாசனை இருந்தது. புளிப்பு நிமிர்ந்து நின்றது. அது முக்கியம், இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் மற்ற ரகங்கள் பழுக்கப் பழுக்கப் புளிப்பை விட்டுவிட்டுச் சர்க்கரையில் சரிந்துவிடும். ஒரு யோசனை: இதைக் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜில் வையுங்கள். சிவப்பு ஒயினை அறைச்சூட்டில் குடிக்க வேண்டும் என்று சொன்னவர்கள் நம் மே மாதத்து அறையைப் பார்க்காதவர்கள். மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறியோடு நன்றாகப் போகும். மிளகாய்க் காரத்தோடு வேண்டாம். சாராயச் சத்து காரத்தை இன்னும் கிளப்பிவிடும், ஒயினும் கசக்கும்.

2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி லக்ராஸுக்குப் பக்கத்தில், ரிபோத்தில், தீப்பற்றியது. காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போக, ஏறக்குறைய 16,000 ஹெக்டேர் பரப்பில் தீ ஓடியது. ஓர் உயிர் போனது, வீடுகள் எரிந்தன. பெரியவரின் ஊருக்கு எதிர்த்திசையில் போனதால் அங்கே புகை மட்டும்தான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று புதிய பிடுங்கல் மானியம் வந்து, பக்கத்துத் தோட்டக்காரர் மொத்தத்தையும் பிடுங்கியிருந்தார். கொடி நின்ற இடத்தில் தீ மெதுவாகும், புதர் ஏறிய இடத்தில் ஓடும் என்று ஊர்த் தலைவர்கள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெரியவர் பல வருஷமாக என்னிடம் சொன்னதும் அதுதான்.

அக்டோபரில் போனேன். அறுவடை முடிந்திருந்தது, விளைச்சல் மோசம், சரிவில் இலைகள் செம்பு நிறத்தில் நின்றன. பக்கத்துத் தோட்டம் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த முட்செடி. பெரியவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். கொட்டகையில் இரண்டு பாட்டில் எடுத்துத் துடைத்து வைத்தார்.

"எவ்வளவு?"

"ஒன்பது. போன தடவையும் ஒன்பதுதானே?"

இருபது யூரோ நோட்டைக் கொடுத்து, மீதி வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தரி, கயிறு, பழைய கார்க்குகள், பிளாஸ்டர் பாக்கெட் எல்லாவற்றையும் ஒதுக்கித் தேடினார். ஒரு யூரோ நாணயம் ஒன்று கிடைத்தது. இன்னொன்றுக்காக மகளைக் கூப்பிட்டார்.